தாயின் அயோடினும் குழந்தையின் டி.எஸ்.எச். அளவும்: உப்பா, பீட்டாடினா, வேறெதுவுமா?

கேள்வி: "சிசேரியனில் குழந்தை பிறந்து ஆறு நாள் ஆகிறது. நிறைமாதம், எடை 2.9 கிலோ. தொப்புள்கொடி ரத்தத்தில் டி.எஸ்.எச். 26 என்று வந்திருக்கிறது. ஏழாம் மாதத்தில் எனக்கு எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் அயோடின் லிட்டருக்கு 92 மைக்ரோகிராம். எங்கள் வீட்டில் எப்போதும் கல்லுப்புதான். குழந்தைக்கு என்னால்தான் இப்படி ஆயிற்றா? தொப்புளுக்கு தினமும் இரண்டு வேளை பீட்டாடின் தடவுகிறோம். நான் இப்போது கடற்பாசி மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் வழியாகச் சரியாகுமா?"

காத்திருக்கக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் டி.எஸ்.எச். பரிசோதனையை மறுபடி செய்தாக வேண்டும். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைவாக வேலை செய்தால் இது ஏறும். அதை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, ஃப்ரீ டி4 (டி4 என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்; இன்னொரு முறை குத்த வேண்டியிருக்காது. நாளைக்கே நேரம் வாங்கிவிடுங்கள். அயோடின் கலந்த கிருமிநாசினியான பீட்டாடினைத் தொப்புளுக்குத் தடவுவதை இன்றோடு நிறுத்துங்கள். கடற்பாசி மாத்திரை வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். உப்பை மாற்றுவது அவசியம்தான், ஆனால் இந்த வாரம் குழந்தையின் டி.எஸ்.எச். உப்பை மாற்றுவதால் இறங்கப் போவதில்லை.

இனி விளக்கம்.

கருவில் இருக்கும் குழந்தைக்குத் தன் தைராய்டு சுரப்பி 10 முதல் 12 வாரத்தில்தான் அயோடினை இழுக்கத் தொடங்குகிறது. சொந்தமாகப் போதிய ஹார்மோன் தயாரிப்பது அதற்கும் பிந்தி, 16 முதல் 20 வாரத்தையொட்டி. அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டிய டி4 முழுவதும் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகிறது. அதற்குப் பிறகும் தாயின் டி4 போய்க்கொண்டுதான் இருக்கும். பிறவியிலேயே தைராய்டு சுரப்பி இல்லாத குழந்தைக்குக்கூடப் பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தில் இயல்பான அளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை டி4 இருக்கும். அத்தனையும் தாய் கொடுத்தது. இப்படிப்பட்ட குழந்தை பிறந்தவுடன் பார்க்க நன்றாகவே இருப்பதற்கும் இதுதான் காரணம். "நன்றாகப் பால் குடிக்கிறான், அழுகிறான், அப்புறம் என்ன டெஸ்ட்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை நீடிப்பது, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தொப்புள் பிதுக்கம் எல்லாம் தெரியும்போது வாரங்கள் ஓடியிருக்கும்.

கர்ப்பத்தில் தாயின் தைராய்டு வழக்கத்தைவிடப் பாதி மடங்கு கூடுதலாக வேலை செய்கிறது. சிறுநீரகம் அயோடினை வேகமாக வெளியே தள்ளுகிறது. குழந்தைக்கும் ஒரு பங்கு போகிறது. ஆகவேதான் மற்றவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் என்றால் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு 90.

இந்த 90 சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் குழந்தையிடம் கையிருப்பு கிடையாது. நன்றாக அயோடின் கிடைக்கும் பெரியவர் ஒருவரின் தைராய்டு சுரப்பியில் 10 முதல் 20 மில்லிகிராம் வரை அயோடின் சேர்ந்திருக்கும். சில மாதங்கள் சாப்பாட்டில் குறைந்தாலும் சமாளித்துவிடும். நிறைமாதக் குழந்தையின் சுரப்பியில், அதுவும் அயோடின் தாராளமாகக் கிடைக்கும் ஊர்களில், இருப்பது சுமார் 300 மைக்ரோகிராம்தான். பற்றாக்குறை உள்ள இடங்களில் அதில் கால் பங்குகூட இருக்காது. அன்றாடம் வந்து அன்றாடம் செலவாகும் குடும்பம் மாதிரி. வரவு கொஞ்சம் குறைந்தாலும், திடீரென்று அளவுக்கு மீறிக் கொட்டினாலும், பிறந்த குழந்தையின் டி.எஸ்.எச். உடனே ஏறுகிறது. தாய்க்கு எல்லாம் இயல்பாக இருக்கும்போதே குழந்தைக்கு மட்டும் ஏறும் காரணம் இது.

இப்போது உங்கள் 92. கர்ப்பிணிகளின் சிறுநீர் அயோடின் நடுஎண் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) லிட்டருக்கு 150 முதல் 249 மைக்ரோகிராம் வரை இருந்தால் போதுமானது, 150க்குக் கீழே போதாது, 500க்கு மேல் மிகை என்று வகுத்திருக்கிறார்கள். இதில் "நடுஎண்" என்ற சொல்லைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது ஓர் ஊரின் நூறு, இருநூறு கர்ப்பிணிகளை அளந்து அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் அளவுகோல். ஒரு பெண்ணின் ஒரு தடவைச் சிறுநீரை வைத்து அவருக்குப் பற்றாக்குறை என்று முடிவு கட்ட அது உருவாக்கப்படவில்லை. சாப்பிடும் அயோடினில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில் வெளியேறுகிறது. நீங்கள் நாளைக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர் கழிப்பவர் என்றால் 92 என்பது சுமார் 150 மைக்ரோகிராம் உட்கொண்டதற்குச் சமம், பற்றாக்குறை. வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடித்து இரண்டரை லிட்டர் கழித்திருந்தால் அதே 92 சுமார் 255 ஆகிவிடும், போதுமானது. முந்தின நாள் மீன் குழம்பா ரசமா என்பதைப் பொறுத்தும் மாறும். தனி ஒருவரின் அயோடின் நிலையை ஓரளவு நம்பகமாகச் சொல்ல வெவ்வேறு நாட்களில் பத்து மாதிரிகளாவது வேண்டும். ஆகவே உங்கள் 92, "குறைவாக இருந்திருக்கலாம்" என்று கைகாட்டுகிறது, அவ்வளவே. கல்லுப்பு என்கிற தகவல்தான் அதைவிட வலுவான துப்பு.

குழந்தையின் 26க்கு வருவோம். பிறந்து அரை மணி நேரத்துக்குள், கருப்பையின் வெதுவெதுப்பிலிருந்து வெளிக்காற்றுக்கு வந்த அதிர்ச்சியில், குழந்தையின் டி.எஸ்.எச். 60, 80 என்று தாவுகிறது. எல்லாக் குழந்தைக்கும் இது நடக்கும். பிறகு ஒரு நாளில் வேகமாக இறங்கி, முதல் வார இறுதியில் பெரும்பாலும் 10க்குக் கீழே வந்துவிடும். அதனால்தான் ரத்தம் எடுத்த நேரம் தெரியாமல் டி.எஸ்.எச். எண்ணுக்குப் பொருள் இல்லை. தொப்புள்கொடி ரத்தம் இந்தத் தாவலுக்கு முந்தையது. 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் எடுப்பது தாவல் அடங்கிய பிந்தையது. இந்தியக் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பியியல் வல்லுநர்கள் வகுத்த நடைமுறையில் இந்த இரண்டு நேரங்களுக்கும் வரம்பு 20. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுக்க நேர்ந்தால் 34. இந்த வரம்புக்கு மேல், ஆனால் 40க்குள் இருந்தால் 7 முதல் 10ஆம் நாளில் மறுபடி பார்க்க வேண்டும். 40ஐத் தாண்டினால் காத்திராமல் உடனே நரம்பு ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். உங்கள் குழந்தை நடுவகை. பிரசவத்தில் மூச்சுத் திணறல், நீண்ட நேர வலி போன்றவற்றாலும் தொப்புள்கொடி டி.எஸ்.எச். ஏறும், மறுபரிசோதனையில் இப்படிப்பட்ட பல குழந்தைகளுக்கு இயல்பாகிவிடும்.

ஒரு சிக்கலைக் கவனியுங்கள். உலர்ந்த ரத்தப் பொட்டு அட்டையில் பார்த்த எண்ணைச் சில ஆய்வகங்கள் முழு ரத்த அலகில் தருகின்றன, சில சீரம் (ரத்த அணுக்கள் நீங்கிய தெளிநீர்) அலகுக்கு மாற்றித் தருகின்றன. முழு ரத்த எண்ணைச் சுமார் 2.2 ஆல் பெருக்கினால்தான் சீரம் எண். முழு ரத்தத்தில் 12 என்றால் சீரத்தில் 26. மேலே சொன்ன 20, 34, 40 எல்லாம் சீரம் கணக்கு. அறிக்கையில் எந்த அலகு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆய்வகத்தில் கேளுங்கள். இந்த ஒரு குழப்பத்தில் திரும்ப அழைக்க வேண்டிய குழந்தை விட்டுப்போகும்.

அப்படியானால் தாயின் அயோடின் குறைவுக்கும் குழந்தையின் டி.எஸ்.எச். உயர்வுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஊர் அளவில் மிகத் தெளிவாக. பற்றாக்குறை கடுமையாக இருந்த உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவரியா மாவட்டங்களில் தொப்புள்கொடி ரத்தத்தை எய்ம்ஸ் மருத்துவர் கோச்சுப்பிள்ளையின் குழு ஆராய்ந்தபோது, பிறந்த குழந்தைகளில் தைராய்டு குறைபாடு மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு இருந்தது. 3, 4 நாள் வயதில் எடுத்த முழு ரத்தத்தில் டி.எஸ்.எச். 5ஐத் தாண்டும் குழந்தைகள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாக இருந்தால் அந்த ஊரில் அயோடின் போதும் என்றே ஓர் அளவுகோல் உண்டு. ஆனால் பற்றாக்குறை லேசாக உள்ள இடங்களில், இந்தத் தாயின் சிறுநீர் எண்ணையும் இந்தக் குழந்தையின் டி.எஸ்.எச். எண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டு மிகவும் பலவீனம். அளந்த எண்ணே ஊசலாடும்போது அதோடு எதையும் இறுக்கிக் கட்ட முடியாது. மேலும், பற்றாக்குறை வந்தால் தாயின் சுரப்பியும் குழந்தையின் சுரப்பியும் அயோடினைக் கூடுதலாக இழுத்துச் சமாளிக்கப் பார்க்கும். எனவே "என்னால்தானா" என்று நீங்கள் கேட்டதற்கு, உங்கள் கையில் இருக்கும் இரண்டு எண்களால் "ஆம்" என்று யாராலும் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் முதல் 1,200 குழந்தைகளுக்கு ஒன்று பிறவித் தைராய்டு குறைபாட்டோடு பிறக்கிறது. அதில் பெரும் பகுதி சுரப்பியே உருவாகாதது, இடம் மாறி உருவானது, ஹார்மோன் தயாரிக்கும் நொதியில் மரபுக் குறை ஆகியவை. தாய் எந்த உப்பு சாப்பிட்டிருந்தாலும் அவை வந்திருக்கும்.

பீட்டாடினைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் கவனிப்பாரில்லாமல் நடப்பது. பீட்டாடினில் இருக்கும் மருந்து பொவிடோன் அயோடின். அதன் பத்து சதவீதக் கரைசலின் ஒரு மில்லி லிட்டரில் செயல்படும் அயோடின் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 90. பச்சிளங்குழந்தையின் தோல் மெல்லியது. ஆறாத தொப்புள் இன்னும் திறந்த வழி. பஞ்சில் நனைத்த ஒரு மில்லியில் நூற்றில் இரண்டு பங்கு உள்ளே போனாலும் இரண்டு நாள் தேவைக்கு மேல். தடவுவதோ இரண்டு வேளை.

அயோடின் மிகையானால் தைராய்டு கூடுதலாக ஹார்மோன் சுரக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. மிகையான அயோடினைக் கண்டதும் சுரப்பி ஹார்மோன் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. 1948இல் வொல்ஃப், சைகாஃப் இருவரும் எலிகளில் கண்டது. அவர்கள் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. பெரியவர்களுக்குச் சில நாட்களில் சுரப்பி அயோடினை உள்ளே இழுக்கும் கதவைக் குறைத்துக்கொண்டு அந்த முடக்கத்திலிருந்து தப்பிவிடும். இந்தத் தப்பிக்கும் திறன் சுமார் 36 வாரக் கர்ப்பத்துக்கு முன் முதிர்வதில்லை. எனவே குறைமாதக் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம்; நிறைமாதக் குழந்தைக்கும் முதல் வாரங்களில் உண்டு.

உங்கள் விஷயத்தில் காலவரிசையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறந்த பிறகு தொப்புளில் தடவியது, பிறக்கும்போது எடுத்த தொப்புள்கொடி ரத்தத்தின் 26க்குக் காரணமாக இருக்க முடியாது. சிசேரியனுக்குச் சில நிமிடம் முன் வயிற்றில் தடவியதும் அதற்குள் அந்த எண்ணை ஏற்றியிருக்காது. ஆனால் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் பிறப்புறுப்பில் வைக்கும் பொவிடோன் மாத்திரையோ கழுவும் கரைசலோ பயன்படுத்தினீர்களா என்று நினைத்துப் பாருங்கள்; அது காரணமாகலாம். அறுவைக் காயத்துக்கு இப்போது தினமும் பீட்டாடின் வைத்துக் கட்டினால் அது உங்கள் உடலில் சேர்ந்து தாய்ப்பாலிலும் போகும். தொப்புளில் தடவியது பத்தாம் நாள் எண்ணை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். அப்போது உண்மையான நோயா தற்காலிகமா என்று மருத்துவர் குழம்ப நேரும். ஆகவே இதையெல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் குழந்தை மருத்துவரிடம் கொடுங்கள். தொப்புளை உலர்ந்தபடி, எதுவும் தடவாமல், துணிக்கு வெளியே வைத்தாலே போதும். கிருமிநாசினி தேவை என்று மருத்துவர் கருதினால் குளோர்ஹெக்சிடின் உண்டு. உங்கள் காயத்துக்கும் மாற்று மருந்து கேளுங்கள்.

மிகை அயோடின் வரும் வேறு வழிகளையும் மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள். கர்ப்பம் தரிக்கும் முன் கருக்குழாய் அடைப்பு பார்க்க எண்ணெய் வகைச் சாயம் செலுத்திப் படம் எடுத்திருந்தால், அதன் ஒரு மில்லி லிட்டரில் 480 மில்லிகிராம் அயோடின். அது உடலில் மாதக்கணக்கில் தங்கிக் கசியும். இதய மருந்தான அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின். சி.டி. ஸ்கேன் சாயமும் அப்படியே. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தச் சாயம் செலுத்தினால் மூன்று வாரத்துக்குள் தைராய்டு பார்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022இல் அறிவுறுத்தியது.

கடற்பாசி மாத்திரையை வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். ஒரே பெயரில் வரும் மாத்திரைகளிலேயே ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம். ஜப்பானில் கடற்பாசி அதிகம் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கும், கொரியாவில் பிரசவத்துக்குப் பின் பத்தியமாகக் கடற்பாசி சூப் குடிக்கும் தாய்மாரின் குறைமாதக் குழந்தைகளுக்கும் இதே தைராய்டு முடக்கம் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் கர்ப்பம் முழுவதும் நாளைக்கு 12.5 மில்லிகிராம் அயோடின் மாத்திரை எடுத்த தாய்மாரின் குழந்தைகள் தைராய்டு குறைபாட்டோடு பிறந்தார்கள். அது தேவையைப் போல ஐம்பது மடங்கு. நாளைக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் போவதால் கர்ப்பிணிக்கோ பாலூட்டும் தாய்க்கோ எந்தப் பயனும் இல்லை.

மறுபரிசோதனைக்குப் பிறகு என்ன? டி.எஸ்.எச். இயல்பாகி ஃப்ரீ டி4 நன்றாக இருந்தால் முடிந்தது. இரண்டு வாரத்துக்குள் எடுத்த நரம்பு ரத்தத்தில் டி.எஸ்.எச். 20ஐத் தாண்டி ஃப்ரீ டி4 குறைவாக இருந்தால் அன்றைக்கே லெவோதைராக்சின் (டி4 ஹார்மோனை மாத்திரையாகத் தருவது) தொடங்க வேண்டும். இங்கேதான் ஒரு தவறு நடக்கிறது. "தாய்க்கு அயோடின் குறைவு, உப்பை மாற்றினால் சரியாகும், ஒரு மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது. அல்லது "பீட்டாடினால் வந்தது, தானே போய்விடும்" என்று விடுவது. காரணம் தற்காலிகமானதாக இருக்கலாம். அந்த வாரங்களில் மூளைக்குக் கிடைக்காமல் போன ஹார்மோன் பின்னால் கிடைக்காது. இரண்டு வார வயதுக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும் என்பதில் எந்த வழிகாட்டுதலுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 6க்கும் 20க்கும் இடையில் தங்கினால்தான் வாரம் வாரம் பார்த்து மூன்று, நான்கு வாரத்தில் முடிவெடுக்க இடமுண்டு.

மருந்தின் அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். 2.9 கிலோவுக்கு 29 முதல் 43. 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றரை என்றால் 37.5, நடுவில் வந்து நிற்கும். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே பொடித்து, சில மில்லி தாய்ப்பாலில் கரைத்து, பாலாடையில் அல்லது கரண்டியில் உடனே கொடுத்துவிட வேண்டும். பால் புட்டியில் கலந்தால் குழந்தை மீதி வைக்கும்போது மருந்தும் மிஞ்சும். முன்கூட்டியே கரைத்து வைக்கக் கூடாது, நிலைத்து நிற்காது. இரும்பு, கால்சியம் சொட்டு மருந்துகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டு வாரத்தில் டி4 இயல்பாக வேண்டும், ஒரு மாதத்தில் டி.எஸ்.எச். இறங்க வேண்டும். தற்காலிகமாக இருக்கலாம் என்று தோன்றினால் மூன்று வயதில் சுமார் நான்கு வாரம் மருந்தை நிறுத்திப் பரிசோதிப்பார்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது.

காரணம் தெரிய வேண்டுமென்றால் குழந்தையின் ஒரு தடவைச் சிறுநீரிலும் அயோடின் பார்க்கலாம். எண் ஆயிரங்களில் இருந்தால் மிகை என்பது தெளிவு. தைராய்டு அணுக்கதிர் ஸ்கேனில் சுரப்பியே தெரியாமல், அல்ட்ராசவுண்டில் மட்டும் சரியான இடத்தில் தெரிந்தால், அயோடின் மிகையோ தாயிடமிருந்து வந்த தடுப்புப் புரதமோ (ஆன்டிபாடி) சுரப்பியை முடக்கியிருக்கிறது என்று நினைக்க வேண்டும். ஸ்கேனை மட்டும் பார்த்து "சுரப்பியே இல்லை, வாழ்நாள் மருந்து" என்று சொன்னால் அல்ட்ராசவுண்டு எடுத்தீர்களா என்று கேளுங்கள். ஆனால் எந்தப் படத்துக்காகவும் மருந்து ஒரு நாள்கூடத் தள்ளிப்போக வேண்டாம். உங்களுக்குத் தைராய்டு நோய் இருக்கிறதா, கார்பிமசோல் போன்ற தைராய்டைக் குறைக்கும் மருந்து எடுத்தீர்களா என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

இனி உப்பு. கடலில் விளைந்த உப்புதானே, அதில் அயோடின் இல்லாமலா இருக்கும் என்று நம் பக்கம் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம், உப்பு சுமார் 35 கிராம். அத்தனையும் உப்போடு தங்கினாலும் கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராம்கூட வராது. அதிலும் பெரும் பகுதி பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். கடையில் விற்கும் அயோடின் கலந்த உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்துப்புக்கும் இதே கதைதான். நிறத்தைத் தவிர அயோடின் விஷயத்தில் அதில் எதுவும் இல்லை.

தூத்துக்குடியும் வேதாரண்யமும் நம்மிடம் இருந்தும், 2018–19 இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். நாட்டின் சராசரி 76.3. பெரிய மாநிலங்களில் கடைசி இடம் நமக்கு. உப்பளம் பக்கத்தில் இருப்பதே ஒரு காரணம்: பாத்தியிலிருந்து நேரே சாக்கில் வரும் கல்லுப்பு மலிவு, சுவையும் பழகியது.

கல்லுப்பையே விரும்பினால் அயோடின் கலந்த கல்லுப்பு பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆனால் அதைக் கழுவக் கூடாது. பொட்டாசியம் அயோடேட்டைக் கரைசலாக்கி உப்பின் மேல் தெளிக்கிறார்கள். அது கல்லின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். அழுக்கு போக ஒரு தண்ணீர் அலசினால் அயோடினும் அதோடு போகும். வாணலியில் வறுத்து வைப்பதும் வேண்டாம். சுத்திகரிக்காத உப்பில் உள்ள மெக்னீசியம் ஈரத்தை இழுத்து நீர் விடும். அந்த நீர் சாக்கின் அடியில் வடியும்போது அயோடேட்டும் வடியும். ஆகவே சிறு பாக்கெட்டாக வாங்கி, மூடியுள்ள ஜாடியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சமையல் முடியும் நேரத்தில் சேர்ப்பது நல்லது. செவிலியரிடம் இருக்கும் சொட்டுப் பரிசோதனையில் உப்பு நீலமானால் அயோடின் இருக்கிறது என்று அர்த்தம்; எவ்வளவு என்பது அதில் சரியாகத் தெரியாது.

நாளைக்கு 8 கிராம் உப்பு, கிராமுக்கு 15 மைக்ரோகிராம், சமையலில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு என்றால் கிடைப்பது 96. அதே உப்பில் 30 இருந்தால் 192. பால், முட்டை, கடல் மீன் மீதியை ஓரளவு நிரப்பும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்த கர்ப்பிணிக்கு இது எட்டாது. அதற்காக உப்பைக் கூட்டாதீர்கள், மாத்திரை எடுக்கலாம். அரசு தரும் இரும்பு–ஃபோலிக் மாத்திரையில் அயோடின் இல்லை. கடையில் வாங்கும் கர்ப்பகாலச் சத்து மாத்திரைகளிலும் பலவற்றில் இல்லை. அட்டையைப் படிக்கும்போது "அயோடின் 150 மைக்ரோகிராம்" என்றிருக்கிறதா, "பொட்டாசியம் அயோடைடு 150 மைக்ரோகிராம்" என்றிருக்கிறதா பாருங்கள். பின்னதில் அயோடின் 76 சதவீதம்தான், 115. தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுக்கும் பெண்ணுக்குத் தனியாக அயோடின் மாத்திரை பொதுவாகத் தேவையில்லை.

எப்போது தொடங்குவது என்பதில் பழைய ஆய்வுகள் தெளிவாக இருக்கின்றன. பாப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கில் 1960களின் பின்பகுதியில் பெண்களுக்கு அயோடின் எண்ணெய் ஊசி போட்டார்கள். கருத்தரிக்கும் முன்பே போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகள் கடும் மூளை வளர்ச்சிக் குறைபாட்டிலிருந்து தப்பினார்கள். போடும்போதே கர்ப்பமாக இருந்தவர்கள் சிலருக்குத் தப்பவில்லை. சீனாவின் ஹோட்டான் பகுதி ஆய்வு 1994இல் வெளிவந்தது: ஆறாம் மாத முடிவுக்குள் கொடுத்தால் பயன், கடைசி மூன்று மாதத்தில் கொடுத்தால் அந்தப் பயன் இல்லை. இவை கடும் பற்றாக்குறை ஊர்கள். லேசான பற்றாக்குறையில் நிலைமை வேறு. பெங்களூரிலும் பாங்காக்கிலும் 832 கர்ப்பிணிகளுக்குத் தினம் 200 மைக்ரோகிராம் அயோடினோ வெற்று மாத்திரையோ கொடுத்து, குழந்தைகளை 5, 6 வயதில் சோதித்ததில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. 2017இல் வெளியான முடிவு. பிரிட்டனில் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில் முதல் மூன்று மாதத்தில் அயோடின் குறைந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு எட்டு வயதில் மொழித்திறன் சற்றுக் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு: கர்ப்பம் உறுதியான பிறகு ஓடிப் பிடிக்கும் மாத்திரையைவிட, கல்யாணமான நாளிலிருந்தே வீட்டில் சரியான உப்பு இருப்பதுதான் பலன் தரும். சுரப்பியின் கையிருப்பு முன்பே நிரம்பியிருக்க வேண்டும். லேசான பற்றாக்குறையால் உங்கள் குழந்தையின் அறிவு போய்விட்டது என்று நினைத்து உருகாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

இரத்தசோகை இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். தைராய்டு ஹார்மோன் உருவாக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். இரும்பு இல்லாமல் அயோடின் மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். மரவள்ளி, முட்டைக்கோஸ், கம்பு ஆகியவற்றை ஒதுக்க வேண்டியதில்லை, அயோடின் போதுமான அளவு கிடைக்கும்வரை. மரவள்ளியை நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். வீட்டில் யாரேனும் புகைத்தால் அது இதைவிடப் பெரிய தொல்லை: புகையிலைப் புகையில் இருந்து வரும் தயோசயனேட், பால் சுரப்பிக்குள் அயோடின் போகும் வழியை அடைக்கிறது. டென்மார்க்கில் அளந்தபோது புகைக்கும் தாய்மாரின் பாலில் அயோடின் ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

உங்களுக்கு அயோடின் மாத்திரை வேண்டுமா என்று கேட்டால், பத்தாம் நாள் ரத்தம் வந்த பிறகு முடிவெடுங்கள். குழந்தையின் டி.எஸ்.எச். இறங்கியிருந்து, உங்களுக்கும் மிகை அயோடின் வரும் வழி எதுவும் இல்லையென்றால், அளவு தெரிந்த 150 மைக்ரோகிராம் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம், உப்பையும் மாற்றுங்கள். ஆறு மாதம்வரை குழந்தைக்கு அயோடின் வரும் ஒரே வழி உங்கள் பால். அதற்குப் பிறகு பருப்புச்சாதம், கூழ் தொடங்கினாலும் ஒரு வயதுவரை குழந்தையின் சாப்பாட்டில் உப்பு சேர்ப்பதில்லை. எனவே உப்பில் உள்ள அயோடின் அதற்குப் போகாது. பால் கொடுக்கும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.